பியானோ கேட்ட அடுப்படி

என் வீட்டுக்காரர் எந்த ரேடியோவைப் பார்த்தாலும் முதலில் அதன் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றும் அப்படித்தான். என் பெரியப்பாவின் டிரான்சிஸ்டரைத் திருப்பி வைத்துக்கொண்டு, மூடியில் ஒரு ஸ்க்ரூ காணவில்லையே என்று விசாரித்துக்கொண்டிருந்தார். நான் காபித் தட்டோடு நின்றேன். அன்றைக்கு என்னைச் சரியாகப் பார்க்கவில்லை என்று பிறகு அவரே ஒப்புக்கொண்டார். எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. யாராவது நேராக என் முகத்தைப் பார்த்தால் எனக்குக் கை கால் ஓடாது.

கல்யாணமானதும் செம்பாக்கத்தில், ஏரிக்குப் பக்கத்தில், ஒரு கூடமும் ஓர் அடுப்படியும் உள்ள போர்ஷனுக்குக் குடிவந்தோம். எண்பதுகளின் நடுப்பகுதி அது. கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் கதவு கிடையாது. ஒரு திரைச்சீலை மட்டும் தொங்கும். யாராவது வந்தால் நான் திரைக்கு இந்தப் பக்கம் போய்விடுவேன். காபி கலந்து அவரிடம் நீட்டுவேன். வந்தவர்களில் பாதிப் பேருக்கு என் கை மட்டும்தான் தெரியும்.

அவருக்குப் பம்மலில் பட்டறை வேலை. இரும்புத் தகட்டை வைத்து மிதித்தால் மேலிருந்து அச்சு இறங்கி ஒரே அடியில் ஃபேன் மூடி ஆக்கிவிடும். பவர் பிரஸ் என்பார்கள். அந்த மாதிரி ஏழெட்டு பிரஸ் ஒரே தகரக் கொட்டகைக்குள் காலையிலிருந்து சாயங்காலம் வரை அடித்துக்கொண்டிருக்கும். ஒருநாள் அவர் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டைக் கொடுக்கப் போன நான், தூக்கை வாசலில் வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன். பஸ் குரோம்பேட்டை தாண்டிய பிறகும் அடிச்சத்தம் தலைக்குள் விழுந்துகொண்டே இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பாட்டுப்பெட்டி வேலை. ஆம்ப்ளிஃபையர் சேர்ப்பது, ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி அடிப்பது, தெருக்காரர்கள் கொண்டுவரும் டேப் டெக்குகளைப் பிரித்து மாட்டுவது. வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: நல்லா திம் திம்னு அடிக்குமா? நல்லாவே அடிக்கும். என் அலமாரியில் இருக்கும் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் அளவுக்கு அடிக்கும். அதைப் பார்த்துவிட்டுத் திருப்தியாக எடுத்துக்கொண்டு போவார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில் பல்லாவரத்தில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஊரைவிட்டே போவதற்காக வீட்டுச் சாமான்களை விற்றது. அந்த வீட்டுக்காரர் ரயில்வேயில் கார்டாக இருந்தவர். என் வீட்டுக்காரர் போய் ஒரு பழைய டெக்கை வாங்கி வந்தார். அதற்குள் ஒரு கேசட் இருந்தது. மேலே கையால் பியானோ என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. திருப்பிக் கொடுக்கப் போனபோது, வைத்துக்கொள் என்று அந்தக் கார்டு சொல்லி அனுப்பிவிட்டாராம். கூடவே ஒரு விஷயமும் சொன்னாராம். பாட்டுக்காரன் குரலை ஆட்டுவான், வயலின்காரன் கம்பியை ஆட்டுவான். அதில் மெஷின் ஆடினாலும் தெரியாது. பியானோவில் ஒரு கட்டையை அமுக்கினால் சத்தம் எழும்பி, ஆடாமல் அசையாமல் நேராக அடங்க வேண்டும். அது நடுங்கினால் குற்றம் மெஷின்மேல்தான்.

இவர் அதைக் கேட்டுவிட்டு வந்த வேகத்தில் வீட்டில் வேறு பாட்டே ஓடவில்லை. அந்த ஒரு மணி நேரக் கேசட்டில் பேச்சும் கிடையாது, பாட்டும் கிடையாது, பியானோ மட்டும்தான். எனக்கு முதலில் அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. சினிமாவில் பணக்கார வீட்டுப் பிறந்தநாளில் காதலில் தோற்றவர் வாசிப்பது என்ற அளவில்தான் பியானோ பழக்கம். ஆனால் தினமும் அடுப்படியில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே கேட்கக் கேட்க, மனப்பாடம் ஆகிவிட்டது. இடது கைக் கட்டைகள் பீரோ இழுப்பறையை மூடுவது போல விழும். வலது கைக் கட்டைகள், குழாயிலிருந்து தட்டில் சொட்டும் தண்ணீர் மாதிரி. நடுவில் ஓர் இடத்தில் வாசிப்பவர் உட்கார்ந்திருக்கும் ஸ்டூல் கிறீச்சிடும். அதற்குப் பிறகு அவர் மூச்சை இழுத்து விடுவது கேட்கும்.

ஒருநாள் அதைச் சொன்னேன். அவர் சமையலை நிறுத்தச் சொல்லிவிட்டு ஸ்பீக்கர்மேல் காதை வைத்துக் கேட்டார். நாலு தடவை ஓட்டிக் கேட்டார். பிறகு, "ஆமாமா, கிறீச்சுங்குது," என்றார். அந்தத் தடவை கேசட் ஸ்டூல் கிறீச்சிடும் இடத்துக்கு இன்னும் வரவேயில்லை. நான் மறுபடி காய் நறுக்கப் போனேன்.

தெருக்காரர்கள் கொண்டுவரும் டெக்குகளில் அந்தக் கேசட்டைப் போட்டால் பாதிக்கு மேல் நடுங்கின. பக்கெட் தண்ணீரில் டியூப்லைட் வெளிச்சம் ஆடுமே, அப்படி. அவருக்கு அது பிடிபடவில்லை. அவர்கள் போன பிறகு நான் சொல்வேன், அவர் பிரித்துப் பார்ப்பார், உள்ளே பெல்ட் தளர்ந்திருக்கும். மறுநாள் மாற்றிக் கொடுத்து, பியானோவை வைத்துக் கண்டுபிடித்ததாகச் சொல்வார். பிரித்தால் குறை எங்கே என்று கையாலேயே கண்டுபிடித்துவிடுவார். பிரிக்க வேண்டுமா என்று சொல்லத்தான் ஆள் தேவை. பியானோ மாஸ்டர் என்ற பெயர் செம்பாக்கத்திலிருந்து குரோம்பேட்டை வரை பரவியது.

குரோம்பேட்டையில் ஒரு பேங்க் சார், கர்நாடக சங்கீதம் கேட்பவர். அவருடைய டெக் ஆடிய ஆட்டத்தில் எனக்கே தலை சுற்றியது. பத்து வருஷமாக அதில்தான் கேட்கிறாராம். பெல்ட் மாற்றிக் கொடுத்தோம். ஒரு வாரம் கழித்து மனக்குறையோடு திரும்பி வந்தார். எல்லாம் சரிதான், ஆனால் அவருக்குப் பிடித்த வித்வானிடம் இப்போது குரலை ஆட்டும் கமகம் குறைந்துவிட்டது என்றார். பழைய பெல்ட் இருந்தால் மாட்டித்தரச் சொன்னார். இவர் தேடி எடுத்து மாட்டிக் கொடுத்தார். அவர் சந்தோஷமாகப் போனார்.

பெயர் பரவப் பரவ, நாளைக்குச் சொல்கிறேன் என்றால் ஆட்கள் விடவில்லை. வாங்கலாமா வேண்டாமா என்று அங்கேயே தெரிய வேண்டும் என்றார்கள். கூடத்தில் அவர் முழிப்பார், திரைக்கு இந்தப் பக்கம் நான் தவிப்பேன். அவர்தான் யோசனை சொன்னார். சரியாக இருந்தால் டம்ளரை மேடையில் ஒருதடவை தட்டு, கோளாறு என்றால் இரண்டு தடவை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தவரின் டெக் நடுங்கியது. டம்ளரை டங் டங் என்று இரண்டு தடவை தட்டினேன். கூடத்தில் பதில் இல்லை. மறுபடி தட்டினேன். இன்னும் பலமாகத் தட்டினேன். வந்தவர், "உள்ள ஏதோ கேக்கறாங்க போல," என்றார். இவர், "எங்க? ஒண்ணும் கேக்கலையே," என்றார்.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அவர் சத்தமாகப் பேசுவதைப் பட்டறைப் பழக்கம் என்று நினைத்திருந்தேன். மாவு மிஷின்காரர்கள் பேசுவதில்லையா, அப்படி. சைக்கிள் மணி, குக்கர் விசில், எவர்சில்வர் டம்ளர், பியானோவின் வலது கைக் கட்டைகள், எதுவும் அவர் காதுக்குள் போகவில்லை. அந்தக் கொட்டகை அவர் காதைச் சன்னமான சத்தங்களிலிருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டு வருகிறது. இன்னும் நாலைந்து வருஷம் போனால் நான் கூப்பிடுவதும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு, மேடையைத் துடைத்த இடத்தையே துடைத்தேன். அவரிடம் இதைச் சொல்லவில்லை. அவரும், குறும்பி அடைத்திருக்கிறது, எண்ணெய் விடு என்றார். விட்டேன். பட்டறையை விட்டு அவர் வெளியே வந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு சாமியிடம் நான் வேறு எதையும் கேட்கவில்லை.

டம்ளருக்குப் பதிலாக இடிகல் வந்தது. மிளகு சீரகம் இடிக்கும் இரும்பு இடிகல். கனமான சத்தம் என்பதால் அவருக்குக் கேட்டது. கேட்காவிட்டாலும் தரை வழியாகக் காலுக்கு வந்துவிடும். ஓர் இடி நல்லது. இரண்டு இடி கோளாறு. எங்கள் வீட்டுக்கு வருபவர்கள், இந்த வீட்டில் எப்போது வந்தாலும் ரசமா என்று கேட்கத் தொடங்கினார்கள். கேட்டதற்காகவாவது ரசம் வைக்க வேண்டியிருந்தது. அந்த இரண்டு வருஷம் நாங்கள் சாப்பிட்ட மிளகுக்கு எங்களுக்குச் சளியே பிடிக்கவில்லை.

இப்படியிருக்கும்போதுதான் ஜி.எஸ்.டி. ரோட்டில் டி.வி., டேப் ரிக்கார்டர் விற்கும் பெரிய கடைக்காரர் ஆள் சொல்லி அனுப்பினார். ராஜகீழ்ப்பாக்கத்துப் பழைய குடும்பம். நெல் விளைந்த நிலமெல்லாம் பிளாட்டாகிப் போன பிறகு கடை வைத்தவர். விற்ற டெக்குகளை ஆட்கள் திரும்பக் கொண்டுவந்து சண்டை போடுகிறார்களாம். விற்பதற்கு முன்பே கேட்டுச் சொல்ல ஒரு காது வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன், சரியாகச் சொன்னால் கடைக்கு வந்துவிடலாம் என்று தகவல்.

அந்த வாரம் முழுக்க நாங்கள் ஒத்திகை பார்த்தோம். புதுசாக மிளகு வாங்கி வைத்தேன். அவர் சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டார். பம்மல் கொட்டகைக்கு அது கடைசி வாரமாக இருக்க வேண்டும் என்று இருவருக்கும் தெரியும். ஆனால் ஏன் என்பதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடைக்காரர் காரில் வந்து இறங்கினார். பெரிய உடம்பு, வெள்ளை வேட்டி. மூன்று டெக்குகளை இறக்கி வரிசையாக வைத்தார். கூடவே அவர் மனைவியும் இறங்கினார். இதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. கூடத்தில் ஒரு நிமிஷம்கூட நிற்காமல், பெண்பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்பது போல, திரையை விலக்கிக்கொண்டு அந்த அக்கா நேராக அடுப்படிக்குள் வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கூடத்தில் கடைக்காரர் சொன்னது கேட்டது. "மூணுல ஒண்ணு மட்டும் கோளாறு கீது. எதுன்னு எங்க மெக்கானிக்குக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நீ சொல்லு, பாக்கலாம்."

முதல் டெக் ஓடியது. அக்கா எனக்கு எந்த ஊர், எத்தனை பேர் கூடப்பிறந்தவர்கள், ஏரித் தண்ணீர் உப்பா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். ஒரு காதில் அவரையும் மறு காதில் பியானோவையும் வாங்கிக்கொண்டேன். சுத்தமாக இருந்தது. ஓர் இடி இடித்தேன்.

"இது சுத்தம் சார்," என்று கூடத்தில் என் வீட்டுக்காரர் கம்பீரமாகச் சொன்னார்.

இரண்டாவது டெக் தொடங்கியது. அக்கா இடிகல்லுக்குள் எட்டிப் பார்த்தார். மிளகு முழுசு முழுசாகக் கிடந்தது.

"இன்னா கண்ணு, ஒரு குத்து குத்திட்டு உக்காந்துகினு கீற? இப்டி இடிச்சா எப்போ ரசம் கொதிக்கிறது? குடு இங்க. நீ காப்பியைப் பாரு."

நான் கையை எடுப்பதற்குள் உலக்கையைப் பிடுங்கிக்கொண்டார். வயலில் உழைத்த கை. இடிக்க ஆரம்பித்தார். முதல் இரண்டு இடியிலேயே கூடத்தில், "இது கோளாறு சார்," என்று சத்தம் கேட்டது. அக்கா நிறுத்தவில்லை. மூன்று, நாலு, ஐந்து. கூடத்தில் இவர் இடிகளை எண்ணிக்கொண்டிருந்திருக்க வேண்டும். பிறகு, "ரொம்பக் கோளாறு சார்," என்றார். அக்கா நிறுத்தி, விரலால் மிளகைக் கிளறிப் பார்த்து, திருப்தியில்லாமல் இன்னும் ஓர் இடி போட்டார்.

"இல்ல சார், இப்ப சரியாயிடுச்சு," என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்குக் காபிப்பொடி எது சர்க்கரை எது என்று தெரியாமல் போய்விட்டது. "குடுங்கக்கா, நானே இடிக்கிறேன்," என்று கையை நீட்டினேன். விருந்தாளி வேலை செய்யக் கூடாது என்று நான் உபசாரம் பண்ணுவதாக அவர் நினைத்தார். "சும்மா இரு, எனக்கு இதெல்லாம் ஒரு வேலையா?" என்று இன்னும் உற்சாகமாக இடித்தார். நான் இழுத்தேன், அவர் விடவில்லை. வேறு வீட்டில் உலக்கைக்காக இரண்டு பெண்கள் இப்படி மல்லுக்கட்டியிருக்க மாட்டார்கள்.

மூன்றாவது டெக் ஓடத் தொடங்கியது. முதல் நீளக் கட்டை விழுந்ததுமே தெரிந்துவிட்டது. அடங்குகிற இடத்தில் நடுங்கியது. இதுதான். என் பக்கத்தில் அக்கா சீரகத்தையும் போட்டு ஒரு தாளத்தில் இடித்துக்கொண்டிருந்தார். கூடத்தில் என் வீட்டுக்காரர் சரி என்றார், இல்லை என்றார், பியானோவைப் பற்றி நீளமாக ஏதோ விளக்கினார், வோல்டேஜ் குறைவாக இருக்கிறது என்றார்.

"இன்னாப்பா," என்றார் கடைக்காரர். "நல்லா கீதுன்ற, கோளாறுன்ற. ஒண்ணுல நில்லு. இல்லன்னா நான் கெளம்பறேன்."

கார் சாவியை எடுக்கும் சத்தம் கேட்டது. அவர் போனால் நாளைக்குக் காலையில் இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தத் தகரக் கொட்டகைக்குப் போவார். எனக்கு அது மட்டும்தான் தோன்றியது. எழுந்து திரையை விலக்கினேன். என் கையைத் தவிர வேறெதையும் வெளியாட்கள் பார்த்திராத அந்தக் கூடத்துக்குள், முந்தானையில் சர்க்கரையோடு போய் நின்றேன். தரையைப் பார்த்துக்கொண்டேதான் பேசினேன்.

"மூணாவதுதான். கட்டை விழுந்தா நேரா அடங்கணும். அதுல நடுங்குது."

 அடுப்படியில் இடி நின்றுவிட்டது. கடைக்காரர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"சரியா சொல்ட்டியேம்மா. அப்ப இவரு?"

என் வீட்டுக்காரர் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்படிச் சொல்வது என்று யோசித்திருந்தால் இன்றைக்கு வரைக்கும் சொல்லியிருக்க மாட்டேன்.

"அவருக்கு அந்தச் சத்தம் கேக்காது சார். பட்டறையில காது போயிடுச்சு. ரிப்பேர் அவருதான் பண்ணுவாரு. கேக்கறது நான். உள்ளேர்ந்து மிளகு இடிச்சுச் சொல்லுவேன்."

திரைக்குப் பின்னாலிருந்து அக்கா உலக்கையோடு வெளியே வந்தார். "அப்ப நான் இடிச்சதெல்லாம்?"

"ரொம்பக் கோளாறுன்னு சொன்னது நீதாண்டி," என்றார் கடைக்காரர். சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் மூன்று டெக்கும் நடுங்கியிருக்கும். அக்காவும் அங்கேயே உட்கார்ந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. அவர் மெதுவாக, "எப்போலேர்ந்து தெரியும்?" என்று கேட்டார். டம்ளர் தட்டின அன்னிக்கே என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். கோபம் மாதிரி இல்லை. ரொம்ப நாளாகத் தூக்கிக்கொண்டிருந்த மூட்டையை இறக்கிவைத்த ஆள் மாதிரி சுவரில் சாய்ந்தார்.

சிரித்து முடித்துக் காபியும் குடித்த பிறகு கடைக்காரர் கணக்காகப் பேசினார். காது கேட்காமலே இரண்டு வருஷம் இத்தனை பேரிடம் பியானோவைப் பற்றிப் பேசி நம்பவைத்த ஆள் கடையின் முன்பக்கத்துக்கு ரொம்பத் தேவை என்றார். பின்னறையில் பிரித்துப் பார்க்கவும் கை வேண்டும். பெட்டிகளைக் கேட்டுச் சொல்ல என்னை வாரத்துக்கு இரண்டு மத்தியானம் வரச் சொன்னார். நான் தயங்கியதும், பின்னறையில் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறோம், அதற்குப் பின்னால் உட்கார்ந்தால் ஒருவர் கண்ணிலும் படமாட்டாய் என்று அக்கா சொன்னார். என்னை அதற்குள் நன்றாகப் புரிந்துகொண்டுவிட்டார். கடைக்காரர் போட்டது ஒரே ஒரு நிபந்தனை. கடையில் சேர்வதற்கு முன்னால் இவர் காதை டாக்டரிடம் காட்ட வேண்டும்.

தாம்பரத்தில் காது டாக்டரிடம் போனோம். கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறைக்குள் இவரை உட்காரவைத்து ஹெட்ஃபோன் மாட்டினார்கள். உள்ளே சின்னச் சின்னதாகச் சத்தம் வரும், கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். எப்படிப்பட்ட ஹெட்ஃபோன், எந்த ஊர் தயாரிப்பு என்று விசாரித்துவிட்டு, திருப்பி அதன் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டுத்தான் மாட்டிக்கொண்டார். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் இருந்தேன்.

டெஸ்ட் தொடங்கியது. முதலில் விரல் சரசரவென்று எழுந்தது. அப்புறம் நின்றது. விரலைப் பாதி தூக்கிக்கொண்டு, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். தூக்கவா வேண்டாமா என்று கேட்கிற பார்வை. அந்தச் சத்தம் எனக்கும் கேட்காது என்பதே அவருக்கு நினைவில்லை. இரண்டு வருஷப் பழக்கம்.

நான் எழுந்து, பெஞ்சில் மறுபக்கம் திரும்பி, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன்.

வெளியே வந்தபோது டாக்டர் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். ஒரு பக்கம் மேலேயே போய்க்கொண்டிருந்த கோடு பாதியில் கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கியிருந்தது. போனது திரும்ப வராது, ஆனால் சத்தத்தில் நிற்காவிட்டால் இதற்குமேல் பெரிதாகப் போகாது என்றார். என் வீட்டுக்காரர் தாளை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். ஆம்ப்ளிஃபையருக்கும் இதே மாதிரி படம் போடுவார்கள் என்று டாக்டருக்கு விளக்கினார். நம்முடையதில் சன்னச் சத்தம் தரும் ட்வீட்டர் போய்விட்டது, கனத்த சத்தம் தரும் வூஃபர் நன்றாக இருக்கிறது என்றார். டாக்டர் அதை ஒப்புக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டில் நான் ஏதோ சொன்னேன். அவர் குனிந்து, "என்ன, இன்னொரு தடவை சொல்லு, கேக்கல," என்றார். அதற்கு முன்னால் ஒருநாளும் அவர் அப்படிக் கேட்டதில்லை. ஆமாமா என்றுதான் சொல்வார். பஸ் வந்துவிட்டது என்று நான் இன்னொரு தடவை சொல்வதற்குள் பஸ் போய்விட்டது.